டீயைக் கொட்டியதை விடுங்கள், அடுத்த வருஷம் நடந்ததைப் பாருங்கள்

மாசசூசெட்ஸில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான், அந்த டீ கொட்டின இடம் எங்கே. 1773ல், இந்தப் பக்கம் பிரிட்டனின் காலனியாக இருந்தபோது, லண்டன் போட்ட வரியை எதிர்த்துக் கப்பலில் இருந்த டீயைக் கடலில் கொட்டினார்களே, பாஸ்டன் டீ பார்ட்டி என்பார்கள், அதைத்தான் சொல்கிறார்கள். பாஸ்டனில் காங்கிரஸ் தெருப் பாலத்தை ஒட்டி மிதந்துகொண்டிருக்கும் அருங்காட்சியகத்தைத்தான் காட்டுவோம். பீவர், எலினர் என்று அந்தக் காலத்துக் கப்பல்களின் மாதிரிகள் இரண்டு, பழைய உடுப்பு போட்ட நடிகர்கள், கையில் ஒரு பொய்ப் பெட்டியைக் கொடுத்து "எறி" என்பார்கள், எறிந்ததைக் கயிற்றால் இழுத்து அடுத்த ஆளுக்குக் கொடுப்பார்கள். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நானும் வருகிறவர்களை எல்லாம் அழைத்துப் போயிருக்கிறேன். ஆனால் என் மகள் ஐந்தாம் வகுப்பில் இதைப் பற்றி ஒரு புராஜெக்ட் செய்யவேண்டி வந்ததும், அதே சமயத்தில் மாமனார் மாமியார் இங்கே வந்து தங்கியதும் சேர்ந்து, இந்தக் கதையை நாம் தப்பான இடத்தில் ஆரம்பித்து தப்பான இடத்தில் முடிக்கிறோமோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அதைத்தான் எழுதுகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும், இந்தப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் கொஞ்சம் பயன்படலாம்.

முதலில் டீ விஷயத்தை முடித்துவிடுகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வரியை ஏற்றியதால்தான் கொட்டினார்கள் என்று நினைக்கிறார்கள். 1773ல் வந்த சட்டம் டீயின் விலையைக் குறைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் முழுகிக்கொண்டிருந்தது, கிடங்கு நிறைய டீ தேங்கிக் கிடந்தது, அதை நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பி விற்றுக்கொள்ள லண்டன் வழிசெய்து கொடுத்தது. ராத்தலுக்கு மூன்று பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் அப்படியே நின்றது. மலிவு விலை டீயைக் குடித்தால் நம்மைக் கேட்காமல் போட்ட வரியை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்பதுதான் காலனிக்காரர்கள் கவலை. டச்சு டீயைக் கடத்தி விற்றுக்கொண்டிருந்த வியாபாரிகளுக்கு வேறு கவலையும் இருந்தது, அதை இங்கே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. டிசம்பர் 16 இரவு 342 பெட்டி கடலுக்குள் போனது, எடை சுமார் 42 டன். இன்னொன்று, அது நீலகிரி டீயும் இல்லை, அஸ்ஸாம் டீயும் இல்லை. முழுக்கச் சீன டீ. இந்தியாவில் கம்பெனி தேயிலைத் தோட்டம் போட்டது அதற்கெல்லாம் அறுபது வருஷம் கழித்துத்தான். சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான் என்பது மட்டும் நிஜம், நம் ஆட்களுக்கு அதைச் சொன்னதும் முகம் மாறும்.

சரி, இதற்கு லண்டன் என்ன செய்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1774ல் வரிசையாகச் சட்டம் போட்டார்கள். மகளுடைய பாடப் புத்தகத்தில் அது ஒரு கட்டம், கட்டத்துக்குள் நான்கு வரி, துறைமுகம் மூடல், ஆட்சி மாற்றம், விசாரணை மாற்றம், படைவீரர் தங்கல். அவள் அதை அப்படியே அட்டையில் எழுதி ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்றாள். மாமனார் தாலுகா ஆபீஸில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர், அரசாணை என்றால் அவருக்கு நாவல் படிக்கிற மாதிரி. "சட்டம்னா வாசகம் இருக்குமே, அது எங்கம்மா?" என்று கேட்டார். இணையத்தில் முழு வாசகமும் கிடைக்கிறது. நான் படித்துச் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே வந்தார். பிள்ளைகளின் புராஜெக்டுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். பட்டியலை மனப்பாடம் செய்யவிடாமல், ஏதாவது ஒரு சட்டத்தின் ஒரே ஒரு பிரிவை எடுத்து, இது யாருடைய அன்றாடத்தில் கைவைக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.

துறைமுகச் சட்டம் எளிது. ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகம் மூடல், கம்பெனிக்கு நஷ்டஈடு கொடுத்து, ராஜாவுக்கும் திருப்தி வருகிறவரை. உணவும் விறகும் மட்டும் வரலாம், அதுவும் பக்கத்துத் துறைமுக ஊர்களான மார்பிள்ஹெட், சேலம் (நம்மூர் சேலம் இல்லை) பக்கம் சோதனை முடிந்த பிறகு. குற்றம் செய்தவர் யார் என்று தெரியாது, அதனால் ஊருக்கே தண்டனை. நடிகர்கள் இதைத்தான் உருக்கமாகச் சொல்வார்கள்.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த சட்டத்துக்கு, மாசசூசெட்ஸ் ஆட்சிச் சட்டம் என்று சொல்லலாம். அதுவரை கவர்னரின் ஆலோசனைக் குழுவைச் சட்டசபை தேர்ந்தெடுத்தது. இனி ராஜா நியமிப்பார். ஜூரிகளை ஊர்கள் தேர்ந்தெடுத்தன. இனி ஷெரீப் பொறுக்குவார், ஷெரீப்பைக் கவர்னர் போடுவார். ஊர்க் கூட்டம் வருஷத்துக்கு ஒன்றுதான், அதற்கு மேல் வேண்டுமென்றால் என்ன பேசப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்து கவர்னரிடம் அனுமதி வாங்கவேண்டும்.

"ஏம்மா, ஜூரியை ஷெரீப் பொறுக்கறான், ஷெரீப்பை கவர்னர் போடறான், அப்போ கடன்காரன் கேஸ் போட்டா நிலம் யாருக்குப் போகும்?"

"அதான் மாமா பயமே."

"அப்போ பாஸ்டன்காரனை விடு, கிராமத்துல இருக்கறவனுக்குத்தான் முதல்ல வயிறு கலங்கியிருக்கும்."

அவர் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. அதுவரை பாஸ்டன் சண்டையை உள்நாட்டு விவசாயிகளில் பலர் தூரத்திலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஊரை அடித்தால் மற்ற ஊர்கள் வாயை மூடிக்கொள்ளும் என்பது பிரதமர் லார்ட் நார்த்தின் கணக்கு. ஆனால் அந்தச் சட்டம் பாஸ்டனுக்கு மட்டும் போடப்படவில்லை, மாகாணத்தின் ஒவ்வொரு ஊர்க் கூட்டத்துக்கும் பூட்டுப் போட்டது. கிராம சபையைக் கூட்ட கலெக்டர் பத்தாது, லண்டன் அனுப்பிய ஆளிடம் போய் நில் என்று சொன்ன மாதிரி.

அவர்கள் எப்படி எதிர்த்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதில் வீரம் குறைவு, குமாஸ்தாத்தனம் அதிகம். புதுக் கூட்டம் கூட்டக்கூடாதா, சரி, சட்டம் வருவதற்கு முன்னால் கூட்டிய பழைய கூட்டத்தை முடிக்காமல் ஒத்திவைத்துக்கொண்டே போனார்கள். மாசசூசெட்ஸின் கவர்னராக இருந்த படைத்தளபதி தாமஸ் கேஜ் பாஸ்டன் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது, புதிதாக ஒன்றும் கூட்டவில்லையே, பழையதைத்தான் ஒத்திவைத்திருக்கிறோம் என்றார்கள். இப்படியே போனால் பத்து வருஷம் கூட்டம் நடத்துவீர்களே என்று அவர் அலுத்துக்கொண்டாராம். இதைக் கேட்டு மாமனார் சிரித்த சிரிப்பு மாடி வரை கேட்டது, அவருடைய ஆபீஸ் வாழ்க்கையில் பாதி இந்த வித்தைதான். சேலத்தில் ஆகஸ்ட் 24 அன்று கூட்டத்தைக் கலைக்க கேஜ் படையை அனுப்பினார், படை வந்து சேருவதற்குள் இவர்கள் பேசவேண்டியதைப் பேசி ஆளைத் தேர்ந்தெடுத்துக் கலைந்துவிட்டார்கள். பாஸ்டன் நீதிமன்றத்தில் ஜூரியாகக் கூப்பிடப்பட்டவர்கள் பதவிப் பிரமாணம் எடுக்க மறுத்தார்கள், பால் ரெவியரும் அதில் ஒருவர். படைக்குக் குடியிருப்பு கட்டப் போன தச்சர்கள் வேலையை விட்டு இறங்கினார்கள். அக்டோபரில் தங்களுக்கென்று மாகாண காங்கிரஸ் என்று ஒரு சபையை அமைத்துக்கொண்டார்கள். ஊர்கள் வசூலிக்கும் வரியை அரசாங்கக் கஜானாவுக்குக் கட்டாதீர்கள், நாங்கள் நியமித்த ஹென்றி கார்ட்னரிடம் கட்டுங்கள் என்றது அந்தக் காங்கிரஸ். 1775 ஏப்ரலில் பிரிட்டிஷ் படையோடு சண்டை வெடிப்பதற்கு ஆறு மாதம் முன்னாலேயே கேஜின் ஆட்சி பாஸ்டனுக்கு வெளியே பெயருக்குத்தான் இருந்தது.

துறைமுகம் மூடிய பாஸ்டனுக்கு உதவி வந்த கதையும் அப்படித்தான். கனெக்டிகட்டின் விண்டம் ஊர் 258 ஆடுகளை அனுப்பியது. இஸ்ரேல் புட்னம் என்ற பழைய போர்வீரர் தானே ஒரு மந்தையை ஓட்டிக்கொண்டு பாஸ்டன் வந்தார். தெற்கே சார்ல்ஸ்டனிலிருந்து அரிசி வந்தது. பாஸ்டன் மூடினால் லாபம் அடையக்கூடிய ஊர்கள் மார்பிள்ஹெட்டும் சேலமும், அந்த ஊர் வியாபாரிகளே எங்கள் துறையையும் கிடங்கையும் சும்மா பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று பாஸ்டன்காரர்களுக்குச் சொன்னார்கள். லார்ட் நார்த் எதிர்பார்க்காதது இதுவாகத்தான் இருக்கவேண்டும். வந்த பொருளைப் பாஸ்டன் கமிட்டி சும்மா பங்குபோட்டுக் கொடுக்கவில்லை, வேலையிழந்தவர்களுக்குத் தெரு போடும் வேலை, செங்கல் அறுக்கும் வேலை என்று ஏற்படுத்தி அதற்குக் கூலியாகக் கொடுத்தது. கமிட்டிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டார்கள் என்ற புகாரும் கிளம்பியது, கமிட்டி பதில் எழுதவேண்டியிருந்தது. நன்கொடை வாங்கி எந்தச் சங்கத்தையாவது நடத்தியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

டீயை விட்டவர்கள் கதையில் என் மாமியாருக்குப் பிடித்தது ஒன்று. ஜான் ஆடம்ஸ், பிறகு ஜனாதிபதி ஆனவர், 1774 ஜூலையில் குதிரையில் நாளெல்லாம் பயணம் செய்து களைத்து ஒரு விடுதியில் இறங்குகிறார். வரி கட்டாமல் நேர்மையாகக் கடத்திவந்த டீ இருந்தால் ஒரு கோப்பை கிடைக்குமா என்று கேட்கிறார். இந்த ஊரில் டீயையே விட்டுவிட்டோம், வேண்டுமானால் காபி போட்டுத் தருகிறேன் என்கிறார் விடுதிக்கார அம்மாள். மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லி, அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் காபிதான், நானும் டீயைப் பழக்கத்திலிருந்து விடவேண்டும் என்கிறார். "கும்பகோணத்துக்காரி யாராவது இருந்திருப்பா" என்றார் மாமியார்.

இப்போது வூஸ்டர், பாஸ்டனுக்கு மேற்கே இருக்கும் ஊர். நாங்கள் இருப்பது அதை ஒட்டிய ஊரில், தினமும் அந்த மெயின் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். 1774 செப்டம்பர் 6 அன்று அங்கே மாவட்ட நீதிமன்றம் புதுச் சட்டப்படி திறக்கவேண்டிய நாள். சுற்றுவட்டாரத்தில் 37 ஊர்களிலிருந்து 4,622 பேர் வந்து சேர்ந்தார்கள், ஊர் ஊராக எண்ணி எழுதிவைத்த கணக்கு அது. நீதிபதிகளை உள்ளே விடவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஊர்வாரியாக வரிசை கட்டி நின்றார்கள். நீதிபதி, ஷெரீப், வக்கீல் என்று சுமார் 25 பெரிய மனிதர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்துபோய், புதுச் சட்டப்படி பதவி வகிக்க மாட்டோம் என்று எழுதிக்கொடுத்ததை வாய்விட்டுப் படிக்கவேண்டும். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்பதால் திரும்பத் திரும்ப, முப்பது தடவை போல. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை, ஒருவர் சாகவில்லை. கேஜ் வூஸ்டருக்குப் படை அனுப்பும் யோசனையில் இருந்தவர், சில நாள் முன்பு பாஸ்டன் பக்கத்துக் கேம்பிரிட்ஜில் கூடிய நாலாயிரம் பேரைப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். இந்த மாவட்டத்தில் அரச அதிகாரம் அன்றோடு முடிந்தது, பிறகு திரும்பவே இல்லை. பள்ளிப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை, ரத்தம் சிந்தாததால் இருக்கலாம்.

இதற்கு இரண்டு வாரம் முன்னால் நடந்த ஒன்றுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வூஸ்டரிலேயே 52 பேர் இந்தக் கிளர்ச்சியை எதிர்த்து ஒரு கண்டன மனு எழுதினார்கள். ஊர் எழுத்தர் கிளார்க் சாண்ட்லர் அதை ஊர்ப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். ஆகஸ்ட் 24 கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவரையே அதை அடிக்கச் செய்தார்கள். பேனாவால் அடித்தது போதாமல், இன்னும் படிக்க முடிகிறது என்று, விரல்களை மையில் முக்கி எழுத்தின் மேல் தேய்க்கவைத்தார்கள். அந்தப் பக்கத்தின் படத்தைப் பார்த்தேன். வரி வரியாகச் சுழித்து அடித்த பேனாக்கோடு, அதன் மேல் விரல் இழுத்த தடம். சுதந்திரம் கேட்டவர்கள்தான் செய்தார்கள். மகளிடம் இதைச் சொன்னபோது "அப்போ அவங்க கெட்டவங்களா?" என்றாள், நான் பதில் சொல்லாமல் படத்தை அட்டையில் ஒட்டச் சொன்னேன். இது என் இரண்டாவது யோசனை, தோற்றவர்கள் யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ராஜா நியமித்த குழுவில் இடம் பெற்ற திமோத்தி பெய்னை ஊர்ப் பொதுத்திடலுக்கு வரவழைத்து, தொப்பியைக் கழற்றவைத்து ராஜினாமாவைப் படிக்கவைத்தார்கள். அவர் கட்ட ஆரம்பித்த வீடு வூஸ்டர் லிங்கன் தெருவில் இன்னும் இருக்கிறது. இப்போது அதை வைத்திருப்பது புரட்சிக்காரர்களின் வம்சாவளிப் பெண்கள் சங்கத்தின் கிளை, கிளையின் பெயர் அவரை எதிர்த்து நின்ற கொல்லர் திமோத்தி பிகலோவின் பெயர். அதே 1774 மே மாதம், மாசசூசெட்ஸில் அடிமைகளாக இருந்த கறுப்பர்கள் எங்களுக்கும் இயற்கை உரிமை உண்டு என்று கேஜுக்கே மனு கொடுத்தார்கள். ஊர்க் கூட்டங்களுக்கு அது அவசரமாகப் படவில்லை.

படைவீரர்களை மக்கள் வீட்டுக்குள் திணித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, குழந்தைகள் அதை ஆர்வமாக எழுதுவார்கள். 1774 சட்டத்தின் வாசகம் ஆளில்லாத வீடுகள், கொட்டகைகள், பிற கட்டடங்கள் என்றுதான் போகிறது. வாசகத்தைப் படித்தால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், ஊர்க் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். மாசசூசெட்ஸில் பெரும்பாலான ஊர்களில் இன்றும் அது நடக்கிறது, பொதுவாக வசந்த காலத்தில், பள்ளி அரங்கத்தில். கிரீன் கார்டிலோ விசாவிலோ இருந்தால் ஓட்டு இல்லை, ஆனால் உட்கார்ந்து பார்க்கலாம், பார்வையாளர்களுக்கு ஓரமாகத் தனி நாற்காலி போட்டிருப்பார்கள். நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். தீயணைப்பு வண்டி ஒன்று வாங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வாதம். முன்வரிசையில் ஒரு பாட்டி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், திடீரென்று ஊசியைக் கீழே வைத்துவிட்டு மைக்குக்குப் போய், பழைய வண்டியின் பழுதுச் செலவு அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். நிதிக் குழுத் தலைவர் தாளைப் புரட்டிப் புரட்டித் தேடினார், கிடைக்கவில்லை, அரங்கமே காத்திருந்தது. அலுப்பாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளை அழைத்துப் போனால் முதல் அரை மணி நேரம் போதும். ஆனால் 1774ல் எதற்காக இத்தனை பேர் வேலையை விட்டு நடந்து வந்தார்கள் என்பதற்கு அந்த அரை மணி நேரம் நடிகர்களைவிட நன்றாகப் பதில் சொல்கிறது.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பாஸ்டனில் காரை நிறுத்தும் காசுக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிடலாம், வூஸ்டரிலிருந்து ரயிலில் சவுத் ஸ்டேஷன் வந்தால் டீ அருங்காட்சியகம் நடக்கும் தூரம். டிக்கெட் விலை அதிகம், வேண்டாமென்றால் ஐயாயிரம் பேர் கூடிய ஓல்ட் சவுத் மண்டபத்துக்குப் போங்கள், அங்கிருந்துதான் கூட்டம் துறைக்குக் கிளம்பியது. சோமர்வில்லில் ஒரு சின்னப் பூங்கா நடுவே கல்லால் கட்டிய வெடிமருந்துக் கோபுரம் இருக்கிறது, டேவிஸ் ஸ்கொயரிலிருந்து நடந்து போகலாம், காசு கிடையாது. 1774 செப்டம்பர் 1 விடியற்காலையில் கேஜின் ஆட்கள் அங்கிருந்த மருந்தை அள்ளிக்கொண்டு போனதில்தான் கேம்பிரிட்ஜில் அந்த நாலாயிரம் பேர் கூடினார்கள். சேலத்துக்கு அக்டோபரில் மட்டும் போகாதீர்கள், சூனியக்காரி வேஷம் போட்ட கூட்டத்தில் நடக்க இடம் இருக்காது. ஏப்ரலில் வருகிறீர்கள் என்றால் மூன்றாவது திங்கட்கிழமை லெக்சிங்டன் திடலில் 1775 சண்டையை நடித்துக் காட்டுவார்கள். விடிவதற்கு முன்பே போய்விடவேண்டும், குளிர் நன்றாக இருக்கும், பெரியவர்களுக்கு மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்கில் காபியும் எடுத்துக்கொள்ளுங்கள்.